அம்பு செய்தவன்

‘எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?’ என்று ஒரு பழமொழி நம்மிடையே வழங்குகிறது. நல்ல பழமொழிதான். தாயின் சொல்லைக் கேட்டு மனைவியை வைத பிள்ளையைப் பற்றிப் பேசும்போதும், முதலாளி அனுப்பிக் கடன் வசூலிக்க வந்த குமாஸ்தாவைப் பற்றிப் பேசும்போதும் நாம் அதைத் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். ஆனால் சற்றே உற்றுப் பார்த்தால் அதில் ஓர் ஆள் குறைவது தெரியும். எய்தவன் இருக்கிறான். அம்பு இருக்கிறது. அடிபட்டவனும் சொல்லாமலே இருக்கிறான். அம்பைச் செய்தவன் எங்கே? மூங்கிலைச் சீவி, நெருப்பில் காட்டி நிமிர்த்தி, முனைக்கு இரும்பை வடித்து, இறகு கட்டிக் கொடுத்த ஒருவன் இருந்திருக்க வேண்டுமே! அவனை நோகலாமா, கூடாதா? பழமொழி அவனைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இது எனக்கு வெறும் தத்துவ விசாரம் இல்லை. எனக்குத் துப்பாக்கி சுடுகிற பழக்கம் உண்டு.

‘கதை எழுதுகிறவனுக்கு இது என்ன பொழுதுபோக்கு?’ என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் வேட்டைக்காரன் அல்லன். ஒரு காக்கையைக்கூடச் சுட்டதில்லை. ரைபிள் கிளப்பில் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஐம்பது மீட்டர் தூரத்தில் மாட்டியிருக்கும் காகித அட்டையைச் சுடுவதோடு சரி. அந்த அட்டையின் நடுவே பத்து எண்ணிக்கை பெற்றுத் தரும் வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். ஒரு சட்டைப் பொத்தான் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரைக் கிராம் சொச்சம் எடையுள்ள ஈயத் துண்டை அந்தப் பொத்தானுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மூச்சைப் பாதி வெளியே விட்டு நிறுத்த வேண்டும். நெஞ்சு துடிப்பது துப்பாக்கியின் முனையில் தெரியும். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே விரல் அசைய வேண்டும். அந்தக் கணத்தில் வீட்டுக் கவலை இல்லை. பத்திரிகைக்குக் கொடுக்க வேண்டிய அத்தியாயத்தின் நினைவு இல்லை. நான் என்கிற நினைப்பே சற்று விலகி நிற்கும். பூஜை அறையில் எனக்கு வாய்க்காத ஒருமுகம் அந்தப் பாயின் மேல் வாய்த்திருக்கிறது. இதைச் சொல்ல நான் கூச்சப்படவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இலக்கியக் கூட்டத்துக்காகப் பின்லாந்துக்குப் போயிருந்தேன். அங்கே பேச்சோடு பேச்சாக என் பழக்கத்தைச் சொல்லப்போக, ஒரு நண்பர், “அப்படியானால் நீங்கள் லாப்புவாவைப் பார்க்காமல் ஊர் திரும்பக் கூடாது” என்றார். துப்பாக்கி சுடும் ஆசை உள்ளவர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால், சங்கீத ரசிகரிடம் தஞ்சாவூர் வீணையைப் பற்றிச் சொன்னது போல முகம் மலரும். அங்கே 1923-ஆம் ஆண்டு அரசாங்கத்தின் தோட்டாத் தொழிற்சாலை ஒன்று தொடங்கப்பட்டது. நூறு ஆண்டுகள் கடந்த பிறகும் அந்த ஊரின் பெயர் தோட்டாப் பெட்டிகளின் மேல் உலகம் சுற்றுகிறது. நான் சுடுகிற சிறிய தோட்டாவும் அந்தப் பெயர் தாங்கியதுதான். ஆனால் அதைச் செய்வது ஜெர்மனியில் உள்ள கிளையில். பெரிய ரைபிள்களுக்கான தோட்டாக்களே லாப்புவாவில் தயாராகின்றன.

அந்த ஊரைப் பார்த்தால் இப்படி ஒரு தொழில் அங்கே நடக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பரந்த சமவெளி, வயல்கள், ஓர் ஆறு, பெரிய மாதாகோயில். தஞ்சாவூர் ஜில்லாவில் வளர்ந்தவனுக்கு, குளிரை மட்டும் கழித்துவிட்டால், பழக்கப்பட்ட ஊர் மாதிரியே இருந்தது.

தொழிற்சாலைக்குள் காமிராவையும் கைப்பேசியையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். சுற்றிக் காட்ட வந்தவர் வயதானவர். அந்தத் தொழிலிலேயே ஆயுளைக் கழித்தவர். எனக்குக் காட்டிய பகுதிகளும் உண்டு, காட்டாத பகுதிகளும் உண்டு. அது இயல்புதான்.

தோட்டா பிறப்பது ஒரு பித்தளைக் கிண்ணத்தில். செம்பு எழுபது பங்கு, துத்தநாகம் முப்பது பங்கு கலந்த பித்தளைத் தகட்டிலிருந்து சிறு கிண்ணங்களை வெட்டி எடுக்கிறார்கள். சந்தனக் கிண்ணம் போல அழகாக இருக்கிறது. அதை அச்சுக்குள் அழுத்தி நீட்டுகிறார்கள். நீட்ட நீட்டப் பித்தளை இறுகி, முரண்டு பிடித்து, வெடிக்கப் பார்க்கும். உடனே அதைச் சூடாக்கி இளக்கி மறுபடியும் நீட்டுகிறார்கள். கும்பகோணத்தில் பாத்திரம் அடிப்பவர்கள், தட்டுவதும் காய்ச்சுவதும் மறுபடி தட்டுவதுமாக ஒரு குடத்தை உருவாக்குவதைப் பார்த்திருப்பீர்கள். இதுவும் அதே வேலைதான். கைக்குப் பதில் இயந்திரம். கடைசியாகக் கழுத்துப் பகுதியை மட்டும் ஒரு முறை சூடு காட்டுகிறார்கள். அந்த இடத்தில் பித்தளையின் மேல் மயில்கழுத்துப் பட்டின் நிறம் ஓடி நின்றுவிடுகிறது. பிறகு அடிப்பாகத்தில் கேப்பு வைக்கிறார்கள். உள்ளே மருந்தை அளந்து போடுகிறார்கள். செம்புச் சட்டை போட்ட ஈயக் குண்டை வாயில் பொருத்துகிறார்கள். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சிலவற்றை எடுத்துச் சுட்டுப் பார்க்கிறார்கள். எல்லாக் குண்டும் ஒரே துளையில் போய் விழுந்தால் தொகுதி தேறியது.

ரசிகனுக்கு அது திருவிழா. ஒரு பித்தளைக் கூட்டைக் கையில் எடுத்து விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இவ்வளவு கவனம், இவ்வளவு சுத்தம், இவ்வளவு பொறுமை! நம் ஊரில் சாக்கடை மூடிகளை இந்தச் சிரத்தையில் பத்தில் ஒரு பங்கோடு செய்திருந்தால் எத்தனையோ பேருக்குக் கால் முறியாமல் இருந்திருக்கும் என்றுகூடத் தோன்றியது.

கூட்டின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தேன். அங்கே செய்தவனின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. தோட்டாக்களுக்கு உலகெங்கும் உள்ள வழக்கம்தான் அது. பட்டாளத்துத் தோட்டாவானால் செய்த வருஷமும் சேர்ந்திருக்கும். சுட்ட இடத்தில் கூட்டைப் பொறுக்கி எடுத்தால், எங்கே செய்தது, யார் செய்தது என்று படித்துவிடலாம். சுட்டவன் யார் என்று மட்டும் அதில் எழுதியிருக்காது. நம் பழமொழி எய்தவன் பெயரைச் சொல்லி, செய்தவனை விட்டுவிட்டது. தோட்டாவோ செய்தவனைச் சொல்லி, எய்தவனை விட்டுவிடுகிறது. இது எனக்கு விசித்திரமாகப் பட்டது.

அந்தப் பெரியவரிடம் கேட்டேன்: “இது யார் கைக்குப் போகும், யார் மேல் பாயும் என்று நீங்கள் நினைத்துப் பார்ப்பதுண்டா?”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “நீங்கள் கதை எழுதுகிறவர் என்று சொன்னார்கள். உங்கள் புத்தகத்தை யார் வாங்கிப் போகிறார்கள், படித்துவிட்டு என்ன செய்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?” என்று திருப்பிக் கேட்டார்.

சாமர்த்தியமான பதில். அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடக் கூடிய பதிலும் இல்லை. என் கதையைப் படித்துவிட்டு ஒருவன் வீட்டை விட்டு ஓடியிருந்தால் அந்தப் பாவத்தில் எனக்குப் பங்கு உண்டா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. புத்தகம் வாசகனின் மனத்தைக் கேட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். அவன் அதோடு வாதாடலாம், சிரிக்கலாம், தூக்கி எறியலாம். தோட்டா யாரையும் கேட்பதில்லை. அதனோடு வாதாடி ஜெயித்தவன் எவனும் இல்லை. ஆகவே தோட்டா செய்பவனுக்குக் கதை செய்பவனைவிடப் பொறுப்பு அதிகம் என்றுதான் என் மனம் தீர்ப்புச் சொல்லிற்று.

தீர்ப்புச் சொன்ன மனம் அடுத்த நிமிஷமே குற்றவாளிக் கூண்டைப் பார்த்துத் திரும்பியது. அந்தப் பெரியவர் ஏன் இவ்வளவு துல்லியமாகத் தோட்டா செய்கிறார்? என்னைப் போன்றவர்கள் கேட்பதால்தான். பந்தயத்தில் சுடுகிறவனைவிடக் கறாரான வாடிக்கைக்காரன் கிடையாது. ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் முணுமுணுப்பான். அடுத்த முறை வேறு கம்பெனிக்குப் போய்விடுவான். அவனைத் திருப்தி செய்யத் திருத்தித் திருத்திக் கற்றுக்கொண்ட வித்தை, விளையாட்டுத் தோட்டாவோடு நின்றுவிடுமா? அந்த ஊரின் பெயரைத் தாங்கிய பெரிய தோட்டா ஒன்று இருக்கிறது. 1980-களில் வெகுதூரம் சுடுவதற்காக உருவானது. பல நாட்டுப் பட்டாளங்களில் மறைந்திருந்து சுடுபவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். 2009-ஆம் ஆண்டு ஆப்கானிஸ்தானில் ஒரு பிரிட்டிஷ் சிப்பாய் அந்தத் தோட்டாவால் 2,475 மீட்டர் தூரத்தில் இருந்த இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றார். ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீட்டர்! அந்த இரண்டு பேருக்கும் எங்கிருந்து வந்தது என்றே தெரிந்திருக்காது. நான் பொத்தானுக்குள் போடும் குண்டுக்கும் அந்தக் குண்டுக்கும் நோக்கம் வேறு. அதைச் செய்கிற வித்தை ஒன்றுதான்.

ஓர் ஊரின் பெயர் தோட்டாவின் பெயராவது நமக்குப் புதிதும் அன்று. கல்கத்தாவுக்கு அருகே தம் தம் என்ற ஊரில் இருந்த ஆயுதசாலையில் 1890-களில் ஒரு குண்டைத் தயாரித்தார்கள். உடம்பில் பட்டதும் முனை விரிந்து பெரும் காயத்தை உண்டாக்கும். உலகம் பதறிப்போய் 1899-இல் ஹேக் நகர மாநாட்டில் போரில் அத்தகைய குண்டு கூடாது என்று பிரகடனம் செய்தது. அதே வகைக் குண்டைத்தான் வேட்டைக்காரர்கள் விரும்புகிறார்கள். மிருகம் துடிக்காமல் உடனே சாகுமாம். மனிதனுக்குக் கொடூரமானது மானுக்குக் கருணை! தம் தம் ஊர்க்காரர்கள் தங்கள் ஊருக்கு இந்தக் கீர்த்தி வேண்டும் என்று யாரையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, தோட்டாத் தொழிற்சாலைகளை எல்லாம் இழுத்து மூடிவிட வேண்டும் என்று முடித்திருந்தால் கட்டுரை நன்றாக அமைந்திருக்கும், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் பின்லாந்து மண்ணில் நின்றுகொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1939 நவம்பர் 30-ஆம் தேதி சோவியத் படை அந்தச் சிறிய தேசத்துக்குள் புகுந்தது. பனி மூடிய காடுகளில் நூறு நாட்களுக்கு மேல் சண்டை நடந்தது. பின்லாந்து நிலத்தில் ஒரு பகுதியை இழந்தது, சுதந்திரத்தை இழக்கவில்லை. தோட்டா இல்லாமல் அது நடந்திருக்குமா? அன்று லாப்புவாவில் வேலை செய்தவர்களிடம் போய், ‘நீங்கள் செய்வது பாவம்’ என்று சாய்வு நாற்காலியில் இருந்துகொண்டு சொல்ல யாருக்கு யோக்கியதை இருக்கிறது?

அந்தப் போரில் பெயர் பெற்றவர் சிமோ ஹைஹா. குள்ளமான விவசாயி. வேட்டையும், ஊர்க்காவல் படையின் சுடும் பந்தயங்களும் அவருக்குப் பொழுதுபோக்கு. வீடு நிறையப் பரிசுகள் வைத்திருந்தவர். அதாவது என் ஜாதி! நூறு நாட்களுக்குள் அவர் சுட்டுக் கொன்றவர்கள் ஐந்நூறுக்கும் மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள். 1940 மார்ச்சில் எதிரியின் குண்டு அவருடைய தாடையைச் சிதைத்தது. பிழைத்துக்கொண்டு, 2002-ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். அவர் தாய்நாட்டைக் காத்தார், அதில் சந்தேகமில்லை. அவர் சுட்ட ஐந்நூறு பேரும் எங்கேயோ ஒரு கிராமத்திலிருந்து பிடித்து அனுப்பப்பட்ட பிள்ளைகள், அதிலும் சந்தேகமில்லை. விளையாட்டுக்கும் போருக்கும் நடுவே பெரிய மதில் இருப்பதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இருப்பது ஒரு கதவு. அதைத் திறக்கிற சாவி எங்கள் கையில் இல்லை.

லாப்புவாவில் இன்னொன்றும் பார்த்தேன். பழைய தொழிற்சாலைக் கட்டடங்கள் இப்போது கலைக்கூடமாக இருக்கின்றன. அங்கேயே ஊர் நூலகமும் உண்டு. குழந்தைகள் கதைப் புத்தகம் எடுத்துப் போகிறார்கள். 1976 ஏப்ரல் 13-ஆம் தேதி காலையில் அந்தப் பழைய தொழிற்சாலையில் வெடிவிபத்து நேர்ந்தது. நாற்பது பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். காலையில் காபி குடித்துவிட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலைக்கு வந்தவர்கள். அது சமாதான காலம். யாரும் யாரையும் குறிபார்க்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வேலையை ஊருக்கு வெளியே கொண்டுபோனார்கள்.

அந்தத் தேதியைக் கேட்டதும் எனக்குத் திக்கென்றது. ஏப்ரல் 13! 1919-இல் அதே தேதியில்தான் அமிருதசரஸில் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தது. சுடப்பட்ட தோட்டாக்கள் 1,650; இறந்தவர்கள் 379 பேர் என்பது அன்றைய அரசாங்கம் ஒப்புக்கொண்ட கணக்கு. தேதிகள் ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனால் என் மனத்தில் அந்த இரண்டு கூட்டமும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றுவிட்டன. ஒரு கூட்டம் தோட்டாவின் முன்னால் நின்று செத்தது. மற்றொன்று தோட்டாவைச் செய்துகொண்டே செத்தது. இரண்டு இடத்திலும் எய்யச் சொன்ன பெரிய மனிதர்கள் யாரும் சாகவில்லை. அம்பு செய்தவனை நோகலாமா என்று கேட்கப் போனேன். அம்பு செய்தவளும் நோவுக்குத் தப்பவில்லை என்று தெரிந்தது.

எங்கோ வடதுருவத்துக்கு அருகில் நடந்த கதை என்று நினைத்துவிட வேண்டாம். நீலகிரி ரயிலில் ஊட்டிக்குப் போகிறவர்கள் வெல்லிங்டனைத் தாண்டியதும் அரவங்காடு ஸ்டேஷனைப் பார்த்திருப்பார்கள். அங்கே 1904-ஆம் ஆண்டிலிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறது. தோட்டாவுக்குள் போடும் மருந்து அங்கே தயாராகிறது. நாம் ஜன்னல் வழியாகத் தேயிலைத் தோட்டத்தைக் காட்டிக் குழந்தைகளுக்கு முறுக்குக் கொடுத்துக்கொண்டே கடந்து போகிறோம். அங்கே வேலை பார்ப்பவர் நமக்கு உறவினராக இருக்கலாம். சர்க்கார் உத்தியோகம், க்வார்ட்டர்ஸ், பென்ஷன் என்று பெண் கொடுத்திருப்போம். தவறு ஒன்றும் இல்லை. நாட்டுக்குப் பட்டாளம் வேண்டும் என்றால் பட்டாளத்துக்கு மருந்தும் வேண்டும்தான்.

அப்படியானால் பொறுப்பு யாருடையது? எல்லாரும் உண்மையே பேசுகிறார்கள். ‘நான் பித்தளையை நீட்டினேன், அவ்வளவுதான்’ என்கிறார் தொழிலாளி. ‘சட்டப்படி விற்றேன்’ என்கிறார் முதலாளி. ‘உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தேன்’ என்கிறான் சிப்பாய். ‘நான் அட்டையைத்தானே சுடுகிறேன்’ என்கிறேன் நான். நான்கு உண்மைகளையும் கூட்டினால் எங்கேயோ ஒருவன் செத்துக் கிடக்கிறான்.

பொறுப்பைப் பங்கு போட்டால் அது குறைந்துவிடும் என்று நாம் நம்புவதுதான் இங்கே உள்ள கோளாறு. ஒரு பலாப்பழத்தை நூறு பேர் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு சுளை வரும். பொறுப்பு பலாப்பழம் இல்லை. அது ஜாமீன் கையெழுத்து மாதிரி. பத்துப் பேர் சேர்ந்து ஒரு கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால், கடன் கொடுத்தவன் ஆளுக்குப் பத்தில் ஒரு பங்கு என்று கேட்பதில்லை. எவன் அகப்படுகிறானோ அவனிடம் முழுக் கடனையும் கேட்பான். சட்டமும் அவன் பக்கம் இருக்கும். ‘என்னோடு இன்னும் ஒன்பது பேர் போட்டார்களே!’ என்று அழுதால் ஒரு ரூபாயும் குறையாது. தோட்டாவைச் செய்பவன், விற்பவன், வாங்குபவன், சுடுபவன், அது துல்லியமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுபவன் எல்லாருமே முழுக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டவர்கள்.

அதற்காக ஜாமீன் கையெழுத்தே போடக் கூடாது என்று சொல்ல மாட்டேன். உறவு, நட்பு, ஊர், நாடு என்று இருந்தால் சில சமயம் போட்டுத்தான் தீர வேண்டும். 1939-இல் பின்லாந்துக்காரர்கள் போட்டார்கள். ஆனால் படித்துப் பார்க்காமல் போடக் கூடாது. கடன் யாருக்கு, எதற்கு என்று கேட்காமல் போடக் கூடாது. தேசங்களும் இதை இப்போதுதான் மெல்ல ஒப்புக்கொள்ளத் தொடங்கியிருக்கின்றன. 2013-இல் ஐக்கிய நாடுகள் சபையில் ஆயுத வியாபாரம் பற்றி ஓர் உடன்படிக்கை ஏற்பட்டு, 2014 கடைசியில் நடைமுறைக்கு வந்தது. விற்கிற தேசம், வாங்குகிறவன் அதை வைத்து என்ன செய்வான் என்று முன்கூட்டியே யோசித்துப் பார்க்க வேண்டும் என்கிறது அது. தோட்டாக்களுக்கும் அதில் ஒரு விதி உண்டு. அது எவ்வளவு தூரம் காப்பாற்றப்படுகிறது என்று கேட்டால் பெருமூச்சுதான் பதில். இருந்தாலும் பழமொழி விட்டுவிட்ட ஆளைத் தேடிப் பிடித்துக் காகிதத்திலாவது எழுதி வைத்தார்களே!

என்னைப் போன்ற சில்லறை ஆசாமி என்ன செய்யலாம்? துப்பாக்கியைத் தூக்கி எறிந்துவிடச் சொல்லிச் சில நண்பர்கள் உபதேசிக்கிறார்கள். எறிவதால் என் கை சுத்தமாகலாம். ஒரு தோட்டாவும் குறையாது. நான் இன்னும் கிளப்புக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். அங்கே எத்தனை தோட்டா வாங்கினாய், எத்தனை சுட்டாய், எத்தனை மீதி என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தையும் லைசென்ஸ் தொந்தரவையும் திட்டாத உறுப்பினர் அங்கே அபூர்வம். எனக்கு அந்தப் பதிவேடு பிடித்திருக்கிறது. இந்த விளையாட்டில் ஈடுபட்டவன் ஒவ்வொரு தோட்டாவுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்பதை அது ஒன்றுதான் வாய்விட்டுச் சொல்கிறது. என் தோட்டாவைச் செய்த கம்பெனி வேறு யாருக்கெல்லாம் விற்கிறது என்று கேட்கவும், என் வரிப்பணத்தில் நடக்கும் தொழிற்சாலையின் சரக்கு எந்த நாட்டுக்குப் போகிறது என்று பத்திரிகையில் தேடிப் படிக்கவும் எனக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்துவதில் ருசி ஒன்றும் இல்லை. சுடுவதில் உள்ள ருசிக்கு நான் கொடுக்க வேண்டிய விலை அது.

‘சும்மா விளையாட்டுத்தானே’ என்று யாராவது சமாதானம் சொன்னால் நான் தலையாட்டுவதில்லை. எய்தவன் இருக்க அம்பை நோக வேண்டாம். பழமொழி சொல்வது சரி. அம்புக்கு மனசாட்சி கிடையாது. அதைச் செய்தவனுக்கும், வாங்கியவனுக்கும், அதன் நேர்த்தியை விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்து ரசித்தவனுக்கும் உண்டு. அந்தப் பழமொழிக்குப் பின்னால் அம்பு ஒளிந்துகொள்ளலாம். நாம் ஒளிந்துகொள்ள அங்கே இடம் இல்லை.